மகிழ்ச்சியில் முதல் ரேங்க்

ராஜஸ்தானின் கோட்டா நகரத்து உத்துங்க் பயிற்சி மையத்தில் இனிமேல் யாரும் வருத்தமாக இருக்கக் கூடாது என்று ஒரு ஜூலை மாதம் முடிவானது. அந்த வருஷம் பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோர்களில் சிலர், மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று கேட்பதற்கு முன்பே, "பசங்க இங்க நிம்மதியா இருப்பாங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். மையம் ஆரம்பித்த நாளிலிருந்து அப்படியொரு கேள்வி வந்ததில்லை. இயக்குநர் தனஞ்சய் பட்நாகர் அன்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு யோசித்தார். மாலைக்குள் மகிழ்ச்சித் துறை உருவாகிவிட்டது. அதற்குத் தலைவியாகப் பிரியம்வதா மேடம் நியமிக்கப்பட்டார். அதுவரை, முதல் மார்க் வாங்கியவர்களின் முகங்களைப் பெரிய பலகைகளில் ஒட்டி ஊர் முழுக்க நிறுத்துவது அவருடைய வேலை. முகங்களைப் பற்றி நன்கு தெரிந்தவர் என்பதால் அவரே பொருத்தம் என்று இயக்குநர் சொன்னார்.

மறுநாள் பெரிய ஹாலில் எல்லா மாணவர்களையும் உட்காரவைத்து இயக்குநர் பேசினார்.

"பிள்ளைகளே, இத்தனை வருஷமா உங்களுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூணையும் ஊட்டினோம். நாலாவதா ஒண்ணு விட்டுப்போச்சு. சந்தோஷம். இனிமே அதுவும் பாடம். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கூடுதல் வகுப்பு, ஞாயித்துக்கிழமை டெஸ்ட். சரியான விடைக்கு நாலு மார்க், தப்பான விடைக்கு ஒண்ணு கழியும். ரேங்க் பட்டியல் வாசல்ல ஒட்டப்படும். யாருக்காவது வருத்தம் இருந்தா பயப்பட வேண்டாம். அவங்களை நாங்க தனியா பிரிச்சு வெச்சிடுவோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டுவதற்கும் மார்க் உண்டா என்று தெரியாததால் லோகேந்தர் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினான்.

லோகேந்தர் மத்தியப் பிரதேசத்து டீக்கம்கட்டிலிருந்து வந்தவன். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். படிப்பில் அவன் நடுவாந்தரம். பசித்தால் சாப்பிடுவான், படுத்தால் தூங்குவான், வீட்டு ஞாபகம் வந்தால் மொட்டைமாடிக்குப் போய் அம்மாவிடம் பேசிவிட்டு வருவான். புதிய வகுப்பில் அவனுக்கு இருந்த குறை ஒன்றுதான். ஹாஸ்டல் மெஸ்ஸில் சூடான ரொட்டி போடும் நேரத்தில்தான் சந்தோஷ வகுப்பு நடந்தது. மகிழ்ச்சியாக இருப்பது எப்படி என்று கற்றுக்கொண்டு திரும்பும்போது ரொட்டி அட்டையாகியிருக்கும், பருப்பில் ஆடை படிந்திருக்கும்.

முதல் டெஸ்ட்டில் இப்படி ஒரு கேள்வி வந்தது. காலையில் எழும்போது மனம் கனமாக இருக்கிறது. நீ என்ன செய்வாய்? இன்னும் கொஞ்சம் தூங்குவேன், நண்பனிடம் சொல்வேன், அம்மாவுக்குப் போன் செய்வேன், என் லட்சியத்தை நினைத்துப் புன்னகைப்பேன் என்று நான்கு விடைகள். லோகேந்தர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தான். ஒரு மார்க் கழிந்தது. இப்படியே கழிந்து கழிந்து அவன் பட்டியலின் அடியில் போய் நின்றான்.

பட்டியலின் உச்சியில் நின்றவன் அவனுடைய அறைத்தோழன் நிஷிகாந்த்.

நிஷிகாந்த் பீகாரின் மதுபனிப் பையன். ஒல்லியானவன், அதிர்ந்து பேசமாட்டான். அவன் டாக்டராகிவிட்டான் என்றே அவன் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தாய்மாமா இப்போதே அவனிடம் முட்டிவலிக்கு மருந்து கேட்கிறார். வந்த புதிதில் முதல் பேட்ச்சில் இருந்தான். ஜூன் மாதம் இரண்டு டெஸ்ட் சறுக்கியதும் மூன்றாவது பேட்ச்சுக்குத் தள்ளினார்கள். பேட்ச்சுக்கு ஒரு நிறம் என்பதால் சட்டையின் நிறம் மாறியது. அதை அவன் வீட்டில் சொல்லவில்லை. வீடியோவில் பேசும்போது கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொள்வான்.

"எப்படிடா முதல் ரேங்க் வாங்கின?" என்று லோகேந்தர் கேட்டான்.

"ரொம்ப ஈஸிடா. நாலு விடையையும் படி. எது உன்னால முடியவே முடியாதோ, அதான் சரியான விடை."

திங்கட்கிழமை லோகேந்தரின் அப்பா போன் செய்தார்.

"ஏன்டா, உன் சந்தோஷம் முப்பத்தியொரு சதவீதம்னு மையத்துலேருந்து மெசேஜ் வந்திருக்கு. வகுப்புச் சராசரி எழுபத்திநாலாம். உனக்கு என்னடா குறை வெச்சோம்?"

"ஒரு குறையும் இல்லப்பா. நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருந்தா மார்க் எங்கடா?"

 இதற்கு நான்கு விடை கொடுத்திருந்தாலும் லோகேந்தரால் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

ஆகஸ்டில் வாசலுக்கு ஒரு இயந்திரம் வந்தது. கேமரா முன்னால் நின்று பல் தெரியச் சிரித்தால்தான் கதவு திறக்கும். உள்ளே போகவும் சிரிக்க வேண்டும், வெளியே வரவும் சிரிக்க வேண்டும். லோகேந்தருக்கு மேல்பல் சின்னது. இயந்திரம் அவனை நம்பவில்லை. "முழு மனதோடு முயற்சிக்கவும்" என்று அது சொல்லும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் "சிரிச்சுத் தொலைடா, வகுப்பு ஆரம்பிச்சிடுச்சு" என்று முதுகில் குத்துவார்கள். நிஷிகாந்துக்கு மட்டும் ஒரே தடவையில் திறந்தது. அழகான சிரிப்பு. கதவு திறந்த மறுகணம் அது முகத்திலிருந்து சுத்தமாகப் போய்விடும். அப்படிப் போவதை முதன்முதலில் பக்கவாட்டிலிருந்து பார்த்தபோது லோகேந்தர் வரிசையில் நகர மறந்து நின்றான்.

அதற்குப் பிறகுதான் மற்றவையும் அவன் கண்ணில் பட ஆரம்பித்தன. நிஷிகாந்தின் சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பிப் போயிற்று. மேசையில் விரித்த புத்தகம் வாரம் முழுக்க ஒரே பக்கத்தில் கிடந்தது. லோகேந்தர் எந்த நேரத்தில் விழித்தாலும் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஒருநாள் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்து அறைப் பையனுக்குக் கொடுத்தான். அடுத்த நாள் அம்மா பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்த ரஜாய்ப் போர்வையை மடித்து லோகேந்தர் கட்டிலில் வைத்தான்.

"உனக்கு?"

"எனக்கு வேணாம்டா. நீ வெச்சுக்கோ."

"குளிர்காலத்துக்கு என்ன பண்ணுவ?"

 கேள்வி தன்னைப் பற்றியது இல்லை என்பதுபோல் நிஷிகாந்த் ஜன்னலைப் பார்த்தான்.

லோகேந்தர் ஹாஸ்டல் வார்டனிடம் போனான். கட்டடத்துக்குள் நடப்பது தன் பொறுப்பு, மாணவன் மனதுக்குள் நடப்பது மையத்தின் பொறுப்பு என்று வார்டன் விளக்கினார். எனவே லோகேந்தர் மகிழ்ச்சித் துறைக்குப் போனான்.

பிரியம்வதா மேடத்தின் அறையில் எல்லாமே மஞ்சளாக இருந்தது. பின்சுவரில் நிஷிகாந்தின் முகம் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி? உன் ரேங்க் என்ன?"

லோகேந்தர் சொன்னான். மேடம் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"ஆனா நான் எனக்காக வரல மேடம். என் ரூம்மேட் சரியில்ல. ஏதாவது பண்ணிக்குவானோன்னு பயமா இருக்கு."

"யாரு?"

"நிஷிகாந்த்."

மேடம் திரும்பிச் சுவரைப் பார்த்தார். பிறகு லோகேந்தரைப் பார்த்தார். "இந்த நிஷிகாந்தா? தம்பி, பொறாமைங்கறது இந்த வயசுல சகஜம். அதுக்குத் தனி வகுப்பே இருக்கு."

"மேடம், அவன் சாப்பிடறதில்ல."

"சந்தோஷத்துல பசி தெரியாது."

"தூங்கறதில்ல."

"லட்சியம் இருக்கறவன் எப்படித் தூங்குவான்? போன வாரம்தானே இதை நடத்தினேன். நீ வந்தியா இல்லையா?"

"பொருளையெல்லாம் எல்லாருக்கும் எடுத்துக் குடுத்துட்டு இருக்கான் மேடம்."

"பகிர்தல்," என்றார் மேடம், முகம் மலர்ந்து. "அஞ்சாவது பாடம். பாடத்தை வாழ்க்கையில கடைப்பிடிக்கறான். பார்த்துக் கத்துக்கோ."

"மேடம், எனக்கு பயமா இருக்கு."

அப்போதுதான் மேடம் பேனாவை எடுத்தார். "இப்ப விஷயத்துக்கு வந்த. உனக்குப் பயமா இருக்கு. இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

அடுத்த நாள் காலையிலிருந்து லோகேந்தர் புன்னகை மேம்பாட்டு வகுப்பில் சேர்க்கப்பட்டான். கண்ணாடி முன்னால் வரிசையாக நின்று, பயிற்சியாளர் விசில் ஊதும்போதெல்லாம் சிரிக்க வேண்டும். இரண்டாவது விசிலில் ஒரு பையன் தேம்பி அழுதுவிட்டான். பயிற்சியாளர் பக்கத்தில் போய்ப் பார்த்து, "ஆனந்தக் கண்ணீர், கூடுதல் ரெண்டு மார்க்" என்றார். அதன்பிறகு நான்கு பேர் அழுதார்கள். அதில் எது மார்க்குக்காக என்று லோகேந்தரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் மனமெல்லாம் ஹாஸ்டல் அறையில் இருந்தது. விசில் நின்றதும் தெருவில் ஓடுவான், மாடிப்படியில் தாவி ஏறுவான், கதவைத் தள்ளுவான். நிஷிகாந்த் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் மூச்சு திரும்பும்.

செப்டம்பரில், பயிற்சி மைய உரிமையாளர்களின் சங்கம் ஒன்று உத்துங்க் மையத்துக்கு ஆனந்த வளாகம் என்ற விருதை அறிவித்தது. அந்தச் சங்கத்தின் தலைவர் தனஞ்சய் பட்நாகர்தான். சனிக்கிழமை காலை விழா. முதல் ரேங்க் வாங்கிய நிஷிகாந்த் மேடையில் பேச வேண்டும். பேச்சைத் துறையே எழுதிக் கொடுத்தது.

விழா நாள் காலையில் நிஷிகாந்த் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து நின்றான். பல நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அந்தத் தெளிவுதான் லோகேந்தரை அதிகம் பயமுறுத்தியது.

"பேச்சு முடிஞ்சிட்டா எல்லாம் சரியாயிடும்டா," என்றான் நிஷிகாந்த்.

"என்ன சரியாயிடும்?"

"அதுக்கப்புறம் யாரும் என்கிட்ட எதுவும் கேக்க மாட்டாங்க."

 கேட்கலாமா கூடாதா என்று தெரியாமலே லோகேந்தர் கேட்டான். "செத்துடலாம்னு நெனைக்கிறியாடா?"

நிஷிகாந்த் இல்லை என்று சொல்லவில்லை. "களைப்பா இருக்குடா," என்றான். "ரொம்பக் களைப்பா இருக்கு."

லோகேந்தர் கதவை அகலத் திறந்து வைத்து, வாசற்படியிலேயே நின்றபடி மதுபனிக்குப் போன் செய்தான். நிஷிகாந்தின் அப்பாதான் எடுத்தார். லோகேந்தர் சொன்னதைக் கேட்டுவிட்டு, "என்னப்பா சொல்ற? தொண்ணூத்தியெட்டு சதவீதம்னு நேத்துகூட மெசேஜ் வந்துதே. தெருவுக்கே காட்டினேன்," என்றார். பின்னால் யாரோ போனைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. அம்மா.

"அவன் சாப்பிட்டானா?"

"இல்லம்மா. ரொம்ப நாளாவே இல்ல."

 "எப்படி இருக்கன்னு நான் கேக்கறதுக்கு முன்னாடியே நல்லா இருக்கேம்மான்னு சொல்லுவான். அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் இப்பவே ரயிலேறறேன். நான் வந்து சேர்ற வரைக்கும் அவன் கையை விட்டுடாத ராஜா."

லோகேந்தர் சொன்னால் சொன்னபடி செய்கிற பையன். நிஷிகாந்தின் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டான்; பேச்சை முடிக்காமல் வரமாட்டேன் என்று அவன் சொன்னதால், பிடித்தபடியே மையத்துக்கு நடந்தான். வாசல் இயந்திரம் நிஷிகாந்தின் சிரிப்புக்குத் திறந்தபோது அவனோடு சேர்ந்து தானும் நுழைந்துவிட்டான். ஹாலில் மஞ்சள் பட்டை கட்டிய தொண்டர் ஒருவர் தடுத்தார்.

"முதல் ரேங்க் முன்வரிசை. நீ எந்த ரேங்க்?"

"நான் இவன் கை."

தொண்டருக்குப் பதில் புரியவில்லை. ஆனால் அவரிடம் இருந்த அறிவுறுத்தல்களில் கையைப் பற்றி எதுவும் இல்லாததால் விட்டுவிட்டார். லோகேந்தர் முன்வரிசையில் விருந்தினர்களுக்கு நடுவே உட்கார்ந்தான். அவனுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, தட்டில் முந்திரி கொடுத்தார்கள்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "மத்த மையங்கள்ல பிள்ளைங்க வருத்தத்தைச் சொல்றாங்களாம். நம்ம மையத்துல இந்த வருஷம் ஒரு பிள்ளைகூட வருத்தத்தைச் சொல்லல. ஏன்? சொல்லிப் பார்த்தாங்க, மார்க் குறைஞ்சுது, நிறுத்திட்டாங்க. இவ்வளவு எளிமையான வைத்தியத்தை உலகத்துல யாரும் கண்டுபிடிக்கல." பலத்த கைதட்டல். "இப்போ நம்ம சந்தோஷத்தின் முதல் ரேங்க் பேசுவார்."

இரண்டு பேரும் கைகோத்தபடி மேடையேறினார்கள். இயக்குநர் ஒரு கணம் திகைத்துவிட்டு, "நட்பு, எட்டாவது பாடம்," என்று கூட்டத்துக்கு விளக்கினார்.

நிஷிகாந்த் தாளைப் பார்த்தான். "நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன். ஏனென்றால்," என்று வாசித்து நின்றான். திரும்ப வாசித்தான். "ஏனென்றால்." மூன்றாம் முறை உதடு மட்டும் அசைந்தது.  பிரியம்வதா மேடம் கீழேயிருந்து அடுத்த வரியை வாயசைத்துக் காட்டினார். லோகேந்தர் பிடியை இறுக்கினான்.

"பாருங்க," என்றார் இயக்குநர், தழுதழுத்த குரலில். "வார்த்தையே வரல. இவ்வளவு சந்தோஷத்தை எந்த மையமாவது குடுத்திருக்கா?"

மொத்த ஹாலும் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் லோகேந்தர் அவனை இழுத்துக்கொண்டு பக்கவாட்டுப் படியில் இறங்கினான்.

வாசலில் இயந்திரம் அவர்களை மறித்தது. "முழு மனதோடு முயற்சிக்கவும்."

"சிரிங்க தம்பி, சிரிச்சாத்தான் விடும்," என்றார் காவலாளி.

நிஷிகாந்த் கேமராவைப் பார்த்தான். முகம் அசையவில்லை. இத்தனை நாள் வந்த சிரிப்பு அன்று வரவில்லை. லோகேந்தர் தானே சிரிக்க முயன்றான்; கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இயந்திரம் அதையும் ஏற்கவில்லை. பின்னால் செருப்புச் சத்தம். பிரியம்வதா மேடம்.

"குரூப் போட்டோ பாக்கி இருக்கு, எங்க போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு மேடம்."

"இன்னிக்கா?" மேடம் குரலைத் தாழ்த்தினார். "விருது வாங்கற அன்னிக்கு ஒரு பிள்ளை ஆஸ்பத்திரி போனா என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாரு. திங்கட்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன். போட்டோ வந்ததும்."

"திங்கட்கிழமை வரைக்கும் இவன் இருப்பானான்னு தெரியல மேடம்."

மேடத்துக்கு அந்த வாக்கியத்தின் பொருள் எட்டியதோ என்னவோ, ஒரு நொடி அவருடைய வாய் திறந்தபடியே நின்றது. அந்த நொடியில் வெளியே ஹாரன் அடித்தது. விருந்துக்கான பருப்பும் நெய்யில் தோய்த்த கோதுமை உருண்டைகளும் நிறைந்த அண்டாக்களுடன் வேன் வந்திருந்தது. வேன்களுக்குச் சிரிக்கத் தெரியாது என்பதால் அவற்றுக்குப் பெரிய கேட் உண்டு. காவலாளி ஓடிப்போய் அதைத் திறந்தார். நெய் மணக்க வேன் உள்ளே வர, அதன் ஓரமாகவே இரண்டு பேரும் வெளியே போனார்கள். காவலாளி பார்த்தார்; பார்த்தபடியே கேட்டைக் கொஞ்சம் மெதுவாகச் சாத்தினார்.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கூட்டம் இருந்தது. லோகேந்தர் வரிசையில் நின்ற எல்லோரிடமும் காரணத்தைச் சொன்னான், எல்லோரும் வழிவிட்டார்கள். டாக்டரம்மா நடுத்தர வயதுக்காரர். ஆறிப்போன டீயை ஒதுக்கி வைத்துவிட்டு நிஷிகாந்தை உட்காரச் சொன்னார்.

"தூக்கம் வருதாப்பா?"

நிஷிகாந்த் காத்திருந்தான். அவரும் காத்திருந்தார். கடைசியில் அவன் தயங்கிக் கேட்டான். "என்னென்ன விடை மேடம்?"

"விடையெல்லாம் நான் குடுக்கல. நீயே சொல்லு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோ."

அவன் முதலில் ஒரு வார்த்தை சொன்னான். பிறகு இரண்டு. பிறகு நிறுத்த முடியவில்லை. சட்டையின் நிறம், போர்வை, தாய்மாமாவின் முட்டிவலி, சுவர், எல்லாம் வந்தது. சாக வேண்டுமென்று தோன்றுகிறதா என்று டாக்டர் நேராகக் கேட்டபோது, ஆமாம் என்று நேராகச் சொன்னான். டாக்டர் அதிர்ச்சி அடையவும் இல்லை, அறிவுரை சொல்லவும் இல்லை. "சொன்னது ரொம்ப நல்லது. இதுக்கு வைத்தியம் இருக்கு. அம்மா வர்ற வரைக்கும் இங்கயே இரு, நாங்க பார்த்துக்கறோம்," என்றார். அதைக் கேட்டபிறகும் லோகேந்தர் கையை விடவில்லை. ஊசி போட வந்த நர்ஸ் அதட்டிய பிறகுதான் விட்டான்.

நிஷிகாந்தின் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து மகன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, படிப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. சில நாள் கழித்து டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துகளோடும், பக்கத்து நகரமான தர்பங்காவில் பார்க்க வேண்டிய டாக்டரின் பெயரோடும் ஊருக்கு ரயிலேறினார்கள். அப்பா ஸ்டேஷனில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

நிஷிகாந்த் சந்தோஷப் பாடம் முழுவதையும் குறித்த காலத்துக்கு முன்பே முடித்துவிட்டதால் விடுப்பில் சென்றிருக்கிறார் என்று மையம் அறிவித்தது. பட்டியலில் எல்லோரும் ஓரிடம் மேலே ஏறினார்கள். விழாவின் நடுவில் வெளியேறியதற்காக லோகேந்தரின் சந்தோஷம் பன்னிரண்டு சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அன்றே அவன் அப்பா போன் செய்தார். லோகேந்தர் நடந்ததை முழுக்கச் சொன்னான். வண்டியை ஓரம்கட்டும் சத்தம் கேட்டது.

"நீ சாப்பிடறியாடா?"

"சாப்பிடறேன்பா. ரொட்டிதான் ஆறிடுது."

"தூங்கறியா?"

"இந்த வாரம் கொஞ்சம் கஷ்டமா இருந்துது."

"முடியலன்னா கிளம்பி வந்துடு. வேன்ல இடம் இருக்கு," என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, "அந்த மெசேஜ் இனிமே வராதபடி பண்ணிட்டேன். எப்படிப் பண்றதுன்னு உன் தங்கச்சிதான் காட்டினா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் முடிந்து லோகேந்தர் கச்சோரிக் கடையில் நின்றிருந்தபோது ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றாள். கையில் உத்துங்க் மையத்துப் பை. இதுவரை அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

"நீதானே லோகேந்தர்? நான் தருணா. இப்ப முதல் ரேங்க்."

"தெரியும். வாழ்த்துகள்."

 தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டாள். "நிஷிகாந்தைக் கூட்டிட்டுப் போனியே, அந்த டாக்டரம்மா. திட்டுவாங்களா?"

"மாட்டாங்க."

"என்ன கேப்பாங்க?"

"தூங்கறியா, சாப்பிடறியான்னு கேப்பாங்க."

"அதுக்கு என்ன சொல்லணும்?"

"என்ன தோணுதோ அது."

மிகக் கடினமான கணக்கு ஒன்றைக் கொடுத்ததுபோல் அவள் நெற்றியைச் சுருக்கினாள். எண்ணெய்ச் சட்டியில் கச்சோரிகள் உப்பி மேலே வந்தன. லோகேந்தர் தன் தொன்னையை அவள் பக்கம் நீட்டினான். அவள் ஒரு துண்டு எடுத்தாள், வெகுநேரம் மென்றாள்.

"ஞாயித்துக்கிழமை இருப்பாங்களா?"

"அவசரப் பிரிவுல யாராவது இருப்பாங்க. எப்பவும்."

லோகேந்தர் கையைத் துடைத்துக்கொண்டு ஓர் ஆட்டோவை நிறுத்தினான். டிரைவர் எங்கே என்று கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் தருணா ஏறி உட்கார்ந்து, கடைக்காரருக்கும் கேட்கும்படி தானே சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்கு."